நின்ற பிறகு நன்றாக ஓடிய லிஃப்ட்

அக்கா குடியிருக்கும் ஏழாம் எண் கட்டடத்தின் லிஃப்ட், நின்றுபோன நாளிலிருந்துதான் மிக நன்றாக ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்பு அது சாதாரண லிஃப்ட். ஒரு நாளைக்கு நூற்று முப்பது தடவை ஏறி இறங்கும், கதவு சாத்தும்போது முனகும், மழைக்காலத்தில் மூன்றாம் மாடியில் சற்று யோசிக்கும். நின்ற பிறகு அது அடைந்த வளர்ச்சியை எங்கள் குடியிருப்பு வாரியத்தில் வேறெந்த லிஃப்டும் அடைந்ததில்லை. அந்த வளர்ச்சியை வரைந்தவன் நான். ஆகவே இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. பெருமைதான் இல்லை.

வாரியத்தின் பயன்பாட்டுப் பிரிவில் நான் ஒப்பந்த ஊழியன். ஆபீசில் என் பெயர் யாருக்கும் நினைவில்லை. கிராஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். "கிராஃப் சாப்பிட்டாச்சா?" "கிராஃப் இன்னைக்கு லீவா?" வீட்டில்கூடச் சில சமயம் போனை எடுத்து "கிராஃப் பேசறேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

வாரியத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகள். ஒவ்வொன்றின் கதவுக்கு மேலும் தீப்பெட்டி அளவில் எண்ணும் பெட்டி ஒன்று இருக்கும். லிஃப்ட் ஒரு நாளில் எத்தனை தடவை ஓடியது என்று அது காட்டும். காலை ஆறு மணிக்கு அந்தந்தக் கட்டடத்துக் காவலாளி எண்ணைப் பார்த்து போனில் தட்டிவிடுவார். அது ஒரு பெரிய அட்டவணையில் போய் உட்காரும். கம்ப்யூட்டரில் நான் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் ஏழு மணிக்குத் தானாக எழுந்து அட்டவணையைப் படித்து, லிஃப்டுக்கு ஒரு கோடு வீதம் இருநூற்றுப் பன்னிரண்டு கோட்டுப் படங்களை வரைந்து பிரிண்டருக்கு அனுப்பிவிடும். ஒன்பது மணிக்கு அவை இயக்குநர் அறையின் நீளச் சுவரில் தொங்கும்.

பத்து மணிக்குக் கோடு பார்க்கும் கூட்டம். எல்லாரும் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் ஏறும் கோடு சரியாகத் தெரியாது என்பது இயக்குநரின் கருத்து. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஏரியல் கம்பியை இழுத்து நீட்டி அவர் ஒவ்வொரு கோட்டையும் தொடுவார். ஏறும் கோட்டுக்குக் கைதட்டல். படுத்திருக்கும் கோட்டுக்கு மௌனம். இறங்கும் கோட்டுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். ஒரே நாளில் பாதிக்கும் கீழே சரிந்த கோடு என்றால் கடிதமெல்லாம் கிடையாது. பாதுகாப்புக் கருதி அந்த லிஃப்டை உடனே பூட்டிவிட வேண்டும், குழு வந்து பார்க்கும்வரை திறக்கக் கூடாது. மக்கள் திடீரென்று ஒரு லிஃப்டைக் கைவிட்டால் அதில் ஏதோ ஆபத்து இருக்கிறது என்று பொருள். சுற்றறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஆரம்பத்தில் என் ஸ்கிரிப்ட் யோக்கியமாகத்தான் இருந்தது. அட்டவணையில் எண் இருந்தால் புள்ளி வைக்கும். காலியாக இருந்தால் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடும். லிஃப்ட் நின்றுபோனால் பெட்டியும் செத்துவிடும், காவலாளி காலியாக விட்டுவிடுவார், கோடு அறுந்து கிடக்கும். ஒரு நாள் இயக்குநர் கம்பியை அந்த இடைவெளிக்குள் விட்டு ஆட்டினார்.

"கிராஃப், இது என்ன ஓட்டை?"

"அன்னைக்கு எண் வரலை சார்."

"எண் வரலைன்னா கோடு வரக் கூடாதா? மந்திரி இந்தச் சுவரைப் பார்க்க வர்றார். அறுந்த கோட்டைப் பார்த்தா அறுந்த நிர்வாகம்னு நினைப்பார். ஒரு நிறுவனத்துக்குத் தொடர்ச்சிதான் முக்கியம். உண்மை எப்ப வேணா வரலாம், போகலாம். தொடர்ச்சி போச்சுன்னா திரும்ப வராது."

அன்று மாலையே மூன்று வரி சேர்த்தேன். நடுவில் காலியாக இருந்தால் இரண்டு புள்ளிகளையும் சேர்த்துவிடு. கடைசியில் காலியாக இருந்தால் கோடு அதுவரை போன சாய்விலேயே நீட்டிக்கொண்டு போ. மூன்று வரிதான். எழுத எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

முதல் மாதம் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போன ஒரு கட்டடத்தில் கோடு சரிந்தது. உடனே லிஃப்டைப் பூட்டினார்கள். பூட்டியதால் எண் வரவில்லை. எண் வராததால் என் ஸ்கிரிப்ட் கோட்டை அதே சாய்வில் கீழே இழுத்துக்கொண்டே போய் மைனஸ் பதினாறில் நிறுத்தியது. "மைனஸ் பதினாறு தடவைன்னா என்ன? லிஃப்ட் மக்கள்கிட்ட கடன் வாங்குதா?" என்று கேட்டார் இயக்குநர். கோடு சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு வந்தது. நான்காவது வரியும் சேர்த்தேன். ஆண்டுவிழாவில் எனக்குப் பாராட்டுப் பத்திரம் தந்தார்கள். அக்கா அதைச் சட்டம் போட்டு அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டாள்.

அவள் வீடு ஒன்பதாம் மாடியில். அத்தானுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷம். திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகும்போது நடப்பார். வரும்போது துவைத்துப் பிழிந்த துணியாக வருவார். மற்ற நாட்களில் பேச்சுக்கும் கேலிக்கும் குறைவே இருக்காது. என்னை மாப்ளே என்பார், என் வேலையை 'அந்தக் கோலம் போடற வேலை' என்பார். அக்காவுக்கு அது ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்பதற்கு மேல் தெரியாது.

அந்த வாரம் ஏழாம் எண் கட்டடத்துக்கு மூன்று குடும்பங்கள் புதிதாகக் குடிவந்தன. கட்டிலும் பீரோவும் லிஃப்டில் ஏறி இறங்கி, எண்ணிக்கை நூற்றுத் தொண்ணூறு, இருநூற்று இருபத்தொன்று, இருநூற்று ஐம்பத்திரண்டு என்று ஏறியது. கடைசிப் பீரோ ஏழாம் மாடியில் இறங்கியதும் லிஃப்ட் நின்றுவிட்டது. சனிக்கிழமை முதல் எண் காலி. என் ஸ்கிரிப்டுக்கு இந்தச் சங்கதியெல்லாம் தெரியாது. ஒரு நாளைக்கு முப்பத்தொன்று ஏறுகிற கோடு என்பது மட்டும்தான் தெரியும். அது ஏற்றிக்கொண்டே போனது.

திங்கட்கிழமை அக்கா போன் செய்தாள். "லிஃப்ட் நின்னுபோச்சுடா. இன்னைக்கு இவரை பெயிண்டரும் நானும் பிடிச்சுக் கீழே கொண்டுவந்தோம். ஏறும்போது என்ன பண்றதுன்னு தெரியலை. உங்க ஆபீஸ்ல சொல்லேன்."

பெயிண்டர் என்பவர் எட்டாம் மாடிக்காரர், சுவருக்கு வண்ணம் அடிப்பவர், ஆறடி ஆள். அன்று மாலை அவர்தான் வேறொரு ஆளையும் கூட்டிவந்து, அத்தானைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஒன்பது மாடியும் தூக்கிப்போனார். நான் புகார்ப் பிரிவுக்குப் போனேன்.

புகார்ப் பிரிவு மேடம் நல்லவர். யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நான் வரைந்த படத்தை எடுத்து எனக்கே காட்டினார்.

"ஏழாம் எண்ணா? அது ஓடிக்கிட்டிருக்கே கிராஃப். நேத்து முந்நூத்துப் பதினாலு தடவை ஓடியிருக்கு. உங்க கோடுதானே இது?"

"மேடம், அது நிஜ எண் இல்லை. எண் காலி. ஸ்கிரிப்டு தானா நீட்டிடுச்சு."

"அப்ப சுழியம் வரணுமே? சுழியம் வந்தா நான் இப்பவே ஆளை அனுப்பிடுவேன். சுழியம் எங்கே?"

"லிஃப்ட் நின்னா பெட்டியும் நின்னுடும் மேடம். சுழியத்தைக்கூட அது காட்டாது."

"பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க. லிஃப்ட் ஓடலைங்கறதைப் பதிவு பண்ணணும்னாலும் லிஃப்ட் ஓடணும். அதுதான் முறை. நானா ஒரு சுழியத்தைக் கையால எழுதினா அது பொய்க் கணக்காயிடும் இல்லையா? எனக்குப் பொய் சுத்தமா ஆகாது."

எனக்கும் ஆகாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பதினெட்டு நாட்கள் இப்படிப் போயின. கீழ்வீடு ஒன்று காலியாக இருக்கிறதென்று அக்கா மாற்றிக் கேட்டு மனுப்போட்டாள். 'லிஃப்ட் சிறப்பாக இயங்கும் கட்டடத்தில் உடல்நலக் காரணத்துக்காகக் கீழ்வீடு ஒதுக்க இயலாது' என்று பதில் வந்தது. அதற்கடுத்த வாரம், நின்றுபோன லிஃப்டின் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அக்கா அதைப் போனில் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"'இக்கட்டடவாசிகள் லிஃப்டை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது வாரியத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. ஒருநாள் விட்டு ஒருநாள் படிக்கட்டைப் பயன்படுத்தி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' டேய், மத்த நாள்ல நாங்க எதுல போறதாம்?"

"பார்க்கறேன்க்கா."

"புகார்ல கேட்டா, உங்க தம்பி பிரிவுப் படத்துல ஓடுதுன்னு சொல்றாங்க. உங்க ஆபீஸ்ல எவன்டா இந்தப் படத்தைப் போடறது? அவனை ஒரு நாள் இந்த நாற்காலியைத் தூக்கச் சொல்லு."

பார்க்கிறேன் என்று மறுபடியும் சொன்னேன்.  என் அக்கா என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது, அதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது.

இயக்குநரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அன்று கோடு எண்ணூறைத் தாண்டியிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், ஏழாம் எண் லிஃப்ட் ஓடலை. நான் கண்ணால பாத்தேன்."

"எத்தனை மணிக்குப் பாத்தீங்க?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு."

"ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை ஓடற லிஃப்ட், நீங்க பாக்கற அந்த அஞ்சு நிமிஷம் நின்னிருக்கலாம். அதுக்கும் மூச்சு வாங்கும் இல்லையா? தனி மனுஷன் பார்வை ஒரு புள்ளி. கோடு அப்படி இல்லை. அது எல்லா நேரமும் பாத்துக்கிட்டே இருக்கு. நீங்க எழுதின ஸ்கிரிப்டு மேல எனக்கு இருக்கற நம்பிக்கை உங்களுக்கே இல்லைன்னா, ஒப்பந்தத்தை நீட்டிக்கறப்ப நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

என் மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை, இறங்கும்போது நான்காம் மாடித் திருப்பத்தில் நாற்காலியின் ஒரு கால் மடங்கியது. பெயிண்டர் முதுகைக் கொடுத்துத் தாங்கியதால் அத்தான் உருளவில்லை. முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. ஆனால் அவர் பயந்துவிட்டார். அவர் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

புதன்கிழமைக் கூட்டத்தில் இயக்குநரின் ஏரியல் கம்பி ஏழாம் எண் படத்தை விட்டு நகரவே இல்லை. கோடு காகிதத்தின் உச்சியை இடித்துக்கொண்டு நின்றது.

"ஆயிரத்து நானூத்தி அறுபத்தொண்ணு! ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம்? ஆயிரத்து நானூத்தி நாற்பது. நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கும் மேல! தூக்கம் கிடையாது, சாப்பாடு கிடையாது, பழுதுன்னு ஒரு நாள் நின்னது கிடையாது. இந்த ஆறு வாரத்துல இந்த லிஃப்டுக்கு ஒரு ஸ்க்ரூ வாங்கியிருக்கோமா? இல்லை. ஆள் அனுப்பியிருக்கோமா? இல்லை. நாம ஒண்ணுமே செய்யாம இருந்தா ஒரு லிஃப்ட் எவ்வளவு தூரம் முன்னேறும்ங்கறதுக்கு இதுதான் சாட்சி!"

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை தானாக வந்துவிட்டது. ஆண்டின் சிறந்த லிஃப்ட் என்று அதற்குக் கேடயம் அறிவித்தார்கள்.

மறுநாள் வியாழன். அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மாலை நான் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, தொட்டால் விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. மூச்சை எண்ணி எண்ணி விட்டார்.

"ஒரு தடவை விட்டா ஒண்ணும் ஆகாது மாப்ளே. அந்த நாற்காலியில மட்டும் என்னை ஏத்தாதீங்க."

அக்கா என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போனாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசினாங்க. திங்கட்கிழமையும் வரலைன்னா நாங்க பொறுப்பில்லைன்னுட்டாங்க. என்னடா பண்றது?" அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நேரே ஆபீசுக்குத் திரும்பிப் போய் அந்த மூன்று வரிகளையும் அழித்தேன். எண் இல்லாத இடத்தில் கோடு இல்லை. பழையபடி.

வெள்ளிக்கிழமை காலை சுவருக்கு முன்னால் போய் நின்றேன். ஏழாம் எண் ஒன்றுதான் அறுந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அறுபத்து மூன்று படங்களில் கோடு அறுந்து கிடந்தது. சிலவற்றில் ஒரு வாரம். சிலவற்றில் நான்கு மாதம். ஒன்றில், மூன்று வருஷத்துக்கு முன் நான் போட்ட முதல் புள்ளிகளுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அந்த லிஃப்டுக்கு இரண்டு தடவை கைதட்டியிருக்கிறோம்.

பதினோரு மணிக்கு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநரும் விசாரணை அதிகாரி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார்.

"நேத்து வரைக்கும் எத்தனை லிஃப்ட் ஓடிக்கிட்டிருந்தது?"

"படத்துல இருநூத்திப் பன்னெண்டு சார்."

"இன்னைக்கு?"

"நூத்தி நாற்பத்தொம்பது."

"நேத்து சாயங்காலம் ஸ்கிரிப்டைத் தொட்டது யாரு?"

"நான்தான் சார். ஆனா அந்த லிஃப்டெல்லாம் முன்னாடியே..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒரே சாயங்காலத்துல அறுபத்து மூணு லிஃப்டை நிறுத்தியிருக்கீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, பிள்ளைத்தாச்சிங்க, கால் முடியாதவங்க எல்லாம் இருக்கற கட்டடங்கள். மனசாட்சின்னு ஒண்ணு வேணாமா உங்களுக்கு?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. 

அவர் எழுந்து போன பிறகு இயக்குநர் கம்பியை மடக்கி மேசைமேல் வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டு, கிட்டத்தட்ட அன்பாகவே பேசினார்.

"உங்க அக்கா வீடு அந்தக் கட்டடத்துலதான்னு கேள்விப்பட்டேன். ஓடற லிஃப்டைப் பழுதுபாக்க விதியில இடமில்லை. ஆனா அடுத்த வாரம் கேடயம் கொடுக்கற விழா இருக்கு. விழாவுக்கு மெருகு போடன்னு தனியா ஒரு ஒதுக்கீடு உண்டு. ஞாயித்துக்கிழமை மெருகு போட மெக்கானிக்கை அனுப்பலாம். அவரு கூட ரெண்டு சாமானைக் கொண்டுபோனா நான் கேக்கப் போறதில்லை. நீங்க பதிலுக்கு அந்த வரிகளைத் திரும்பப் போட்டுட்டு, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

காகிதத்தில் இரண்டே வாக்கியம். 'வெள்ளிக்கிழமைப் படங்களில் காணப்பட்ட முறிவுகள் என் கவனக்குறைவால் நேர்ந்தவை. இதற்கு முன் வரையப்பட்ட கோடுகள் அனைத்தும் சரியானவை.'

ஏழாம் எண் போக இன்னும் அறுபத்திரண்டு கட்டடங்கள் இருந்தன. அங்கேயும் படிக்கட்டில் யாரோ யாரையோ தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். நான் அவர்களைப் பார்த்ததில்லை. எனக்கு அவர்கள் அட்டவணையில் காலியான கட்டம். அத்தானின் காலில் என் விரல் பதித்த பள்ளம் மட்டும் கண்ணெதிரே இருந்தது. அந்த மூன்று வரிகளையும் திரும்பச் சேர்த்தேன், கையெழுத்தும் போட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனால் பேனா நடுங்கவில்லை. அதுதான் பிறகு யோசிக்கும்போது அதிக வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மெக்கானிக் ஒரு டப்பா மெருகும் ஒரு பையுமாக வந்தார். கதவோரம் கையை விட்டு, உள்ளங்கை அகலத்தில் கருகிப்போன ஒரு ஸ்விட்சைக் கழற்றினார், புதிதாக ஒன்றை வைத்தார். இருபது நிமிஷம். லிஃப்ட் முனகிக்கொண்டே கதவைச் சாத்தியது. பெட்டியில் சிவப்பாக எண் வந்தது.

"இதுக்கா ஆறு வாரம்?" என்றார் பெயிண்டர்.

"நான் மெருகு போட வந்தவங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார் மெக்கானிக்.

கட்டடம் முழுக்க அக்கா சொல்லிவிட்டாள், தம்பி ஆபீசில் சண்டை போட்டு லிஃப்டை ஓடவைத்துவிட்டான் என்று. ஐந்தாம் மாடி அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை நான் ஆபீசுக்குப் போகாமல் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். எட்டு மணிக்கே போய் நின்று, அக்காவும் நானுமாக அத்தானைக் கைத்தாங்கலாக லிஃப்டில் ஏற்றினோம். ஒன்பதிலிருந்து கீழே வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அத்தான் சுவரைத் தடவிப் பார்த்தார். "நல்ல மெருகு" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அவர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, எவ்வளவோ நாளைக்குப் பிறகு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஆபீசுக்கு நடந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கோட்டை விட்டேன். வழக்கமாகப் படம் சுவருக்குப் போகும்முன் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பவன், அன்று பார்க்கவில்லை. அறைக்குள் நுழைந்தபோது கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. மௌனம். படுத்த கோட்டுக்கு வரும் மௌனம் இல்லை, வேறு மாதிரி. இயக்குநரின் கம்பி ஏழாம் எண் படத்தில் இருந்தது.

லிஃப்ட் சரியானது அரைநாளுக்குப் பிறகுதான் பலருக்குத் தெரிந்திருக்கிறது. ஞாயிறு முழுக்க ஓடியது ஐம்பத்தெட்டுத் தடவை. காவலாளி அந்த எண்ணை ஒழுங்காகத் தட்டிவிட்டிருக்கிறார். சனிக்கிழமை ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தைந்தில் இருந்த கோடு, ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்தெட்டுக்குச் செங்குத்தாக விழுந்திருந்தது. ஆறு வாரத்தில் அந்தப் படத்தில் இருந்த ஒரே நிஜப் புள்ளி அதுதான்.

"இப்படி ஒரு சரிவை என் சர்வீஸ்ல பாத்ததில்லை" என்றார் இயக்குநர். "மெருகு போட்ட அன்னைக்கே மக்கள் இதைக் கைவிட்டிருக்காங்க. என்னமோ பெரிய ஆபத்து இருக்கு. பூட்டுறதுக்கு ஆள் போயாச்சா?"

"ஒம்பதரைக்கே போயிட்டாங்க சார்" என்றார் யாரோ.

"சார்!" என்றேன். என் குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது. "அது நிஜ எண் சார். நேத்துதான் லிஃப்ட் ஓட ஆரம்பிச்சது. ஐம்பத்தெட்டுதான் சரி."

"அப்படின்னா சனிக்கிழமை வரைக்கும் இருந்தது?"

 அவர் மேசை இழுப்பறையைப் பார்த்தார். அதற்குள் இருந்த காகிதத்தை நானும் அறிவேன்.

"சரிதானே, கிராஃப்? முன்னாடி வரைஞ்சது எல்லாம் சரிதானே?"

"சரிதான் சார்" என்றேன்.

குழு எப்போது கூடும் என்று கேட்டேன். அடுத்த மாதம் என்றார்கள். விழா ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டு மணிக்கு ஆட்டோ வந்து நின்றபோது நான் கட்டடத்து வாசலில் இருந்தேன். லிஃப்ட் கதவின் குறுக்கே சங்கிலி. பழைய நோட்டீசின் மேலேயே புதிய நோட்டீஸ்: 'பயன்பாடு போதாமையால் மூடப்பட்டுள்ளது.' அத்தானுக்கு ஆட்டோவிலிருந்து தலையைத் தூக்கவே முடியவில்லை. அக்கா சங்கிலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.  பெயிண்டரைக் கூப்பிட்டோம். அவர் அரையும் குறையுமாகச் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை மரநாற்காலி. முன்பக்கம் அவர், பின்பக்கம் நான்.

ஒரு மனிதனின் எடை மூன்றாம் மாடியில்தான் தெரிய ஆரம்பிக்கிறது. நான்காம் மாடியில் இறக்கி வைத்தோம். அத்தான் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"மாப்ளே, நாளைக்கு அந்தப் பெட்டியில என்ன நம்பர் வரும்?"

"ஒண்ணும் வராது அத்தான். காலிதான்."

"அப்ப உன் கோடு?"

"அதே சாய்வுல இறங்கும். சுழியத்துல நின்னுடும். அதுக்குக் கீழே போகக் கூடாதுன்னு உத்தரவு."

அவர் சிரிக்க முயன்று இருமினார். பெயிண்டர் தோள் துண்டால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார். பின்னால் அக்கா, ஆஸ்பத்திரிப் பையை ஒரு தோளிலும் தண்ணீர்ப் பாட்டிலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

ஆறாம் மாடியில் மறுபடி நின்றோம். எனக்குக் கை மரத்துப்போயிருந்தது. சொல்லாததை மனசில் வைத்துக்கொண்டு இனிமேல் என்னால் ஏற முடியாது என்று தோன்றியது.

"அக்கா," என்றேன். "அந்தப் படத்தைப் போடறது யாருன்னு கேட்டியே. நான்தான். லிஃப்ட் ஓடாதபோதும் ஓடற மாதிரி கோடு நீளும்படி எழுதினது நான்தான். வெள்ளிக்கிழமை அதெல்லாம் சரின்னு கையெழுத்தும் போட்டுட்டேன்."

பெயிண்டர் படிக்கட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அக்கா அப்படியே நின்றாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னும் மூணு மாடி இருக்கு," என்றாள். "தூக்கு."